காட்டுப்பன்றியும் தோட்டாத் தேர்வும் (பெரம்பலூர், அரியலூர்)

பயிரை அழிக்கும் விலங்கைச் சுட எந்தத் தோட்டா ஏற்றது என்பது விலங்கின் உடலையும் சுடும் நிலத்தையும் பொறுத்தது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இக்கேள்வி பெரும்பாலும் காட்டுப்பன்றியைப் பற்றியது. பச்சைமலை அடிவாரத்திலும் ஓடையோரச் சீமைக்கருவேலப் புதர்களிலும் பகலைக் கழிக்கும் பன்றிகள், மக்காச்சோளம் பால்பிடிக்கும் பருவத்தில் இரவில் வயலுக்குள் இறங்குகின்றன. தின்பதைவிடச் சாய்த்துப்போடும் தட்டையே அதிகம். நிலக்கடலையையும் மரவள்ளியையும் தோண்டிவிடுகின்றன.

அமெரிக்காவில் பயிரை அழிக்கும் விலங்குகளைச் சுடுவதற்கென்றே .222 ரெமிங்டன் (1950), .22-250 ரெமிங்டன் (1965) போன்ற தோட்டாக்கள் பெயர்பெற்றன. மூன்றரை கிராம் அளவுள்ள குண்டு, நொடிக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் வேகத்தில் பாயும், பட்டவுடன் சிதறும். வளை தோண்டும் சிறு விலங்குகளுக்கு அது போதும். காட்டுப்பன்றிக்குப் போதாது. வளர்ந்த ஆண்பன்றியின் தோளில் தடித்த தோலும் கெட்டித் தசையும் கவசம்போல் அமைந்திருக்கும். சிதறும் குண்டு மேலோடு நின்றுவிட்டால், காயத்தோடு ஓடும் பன்றி புதருக்குள் வதைபட்டுச் சாகும். எதிர்ப்படும் மனிதரைத் தாக்கவும் செய்யும். ஆழ ஊடுருவும் கனமான குண்டே இதற்கு வேண்டும். இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் .315 ரைபிள் அத்தகையது. ஆஸ்திரியாவின் 8 மி.மீ. மான்லிச்சர் தோட்டாவிலிருந்து பிறந்த அதன் குண்டு 244 கிரெய்ன், அதாவது சுமார் 16 கிராம். ராணுவத் தோட்டாவான .303 பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டதால் .315 இந்தியாவில் நிலைத்தது.

எறையூர், மலையப்பநகர் நரிக்குறவர்களிடம் வழங்கிவந்த நாட்டுத் துப்பாக்கிக்குத் தோட்டாவே இல்லை. குழலின் வாய்வழியாகக் கரிமருந்தும் ரவையும் கெட்டிக்கப்படும். கொக்கு, காடைக்கான கருவி அது. பன்றிக்கு அதை நம்புவது ஆபத்து.

துப்பாக்கி உரிமம் இருந்தாலும் விவசாயி தானாகப் பன்றியைச் சுட முடியாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, நிற்கும் பயிருக்குக் கேடு விளைவிக்கும் இரண்டாம் பட்டியல் விலங்கைக் கொல்லத் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரமளித்த அலுவலரோ எழுத்துமூலம் அனுமதிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் காட்டுப்பன்றி அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடுவர் எனத் தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. அனுமதிக்குக் காத்திருக்க முடியாமல் சிலர் வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள், அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடியை வைக்கிறார்கள். இவை மாட்டையும் மனிதரையும் சேர்த்தே பலிவாங்குகின்றன. எந்தத் துப்பாக்கியையும்விடக் கொடிய வழிகள் இவையே.

தோட்டாவின் வலிமையை நிலத்தோடு சேர்த்தே எடைபோட வேண்டும். அரியலூரின் கரிசல் வெளியில் தவறிய குண்டைத் தடுக்க மேடில்லை. மிகச் சிறிய .22 தோட்டாவின் குண்டே ஒன்றரை கிலோமீட்டர் தாண்டிச் செல்லக்கூடும்; .315 அதைவிட வெகுதொலைவு போகும். அடுத்த கொல்லையிலும் இரவுக் காவலுக்கு ஆள் படுத்திருப்பார். எனவே பரண்மீது இருந்து, கிட்டத்தில், குண்டு மண்ணில் புதையும்படி கீழ்நோக்கிச் சுடுவதே முறை.