ஊர்க்கூட்டமும் ஊராட்சியும்: கொட்டக்கச்சியேந்தல் தரும் பாடம்

விருதுநகர் மாவட்டத்தின் சிற்றூர்களில் இரண்டு அவைகள் இயங்குகின்றன. ஒன்று சட்டத்தால் அமைந்த ஊராட்சி. அதற்குத் தேர்தல் உண்டு, கணக்கு உண்டு, தணிக்கை உண்டு. மற்றொன்று எழுதப்படாத ஊர்க்கூட்டம். அது கோயில் வாசலில் கூடும். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி விதிக்கும். கட்டுப்பாட்டை மீறியவரை ஒதுக்கி வைக்கும். ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடி மாரியம்மனை நோக்கிப் பல சாதியினரும் நடந்து செல்கின்றனர். தத்தம் ஊரின் கூட்டத்திலோ அவர்கள் எல்லோருக்கும் இடமில்லை. இவ்விரு அவைகளும் மோதிக்கொண்ட ஒரு பத்தாண்டு வரலாற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மகமையால் வளர்ந்த உறவின்முறை

சமூக அவை என்பது ஒடுக்கும் கருவியாக மட்டுமே இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயில் நுழைவு மறுக்கப்பட்டிருந்த நாடார்கள், விருதுபட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டை போன்ற வணிக ஊர்களில் உறவின்முறை என்னும் அவையை வலுப்படுத்தினர். விற்கும் சரக்கின் மீது ஒரு சிறு தொகையை 'மகமை' என்று ஒதுக்கிப் பொதுநிதி சேர்த்தனர். பேட்டைகளும் கிணறுகளும் பள்ளிகளும் அந்நிதியால் எழுந்தன. விருதுபட்டியின் சத்திரிய வித்தியாசாலை 1889இல் தொடங்கப்பட்டது. கமுதிக் கோயில் நுழைவு வழக்கை நாடார்கள் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை கொண்டு சென்று 1908இல் தோற்றனர். ஆயினும் அவர்களுடைய அவை நிலைத்தது. அதற்கென்று சொந்தப் பணம் இருந்தது.

நிலமும் கடையும் இல்லாத தலித் மக்களுக்கு இந்த வழி எளிதில் திறக்கவில்லை. கூலியில் பிடித்துச் சேர்க்கும் மகமை எவ்வளவு தேறும்? எனவே அவர்கள் தலைமையேற்கக் கூடிய, பொதுப்பணம் கையாளும் ஒரே உள்ளூர் அவை ஊராட்சி மன்றமாகவே அமைந்தது. ஒதுக்கீட்டுக்கு எழுந்த எதிர்ப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

சட்டம் தந்த நாற்காலி

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சி உறுப்பினர் இடங்களையும் தலைவர் பதவிகளையும் பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி ஒதுக்கியது. தலைவர் பதவிக்கான ஒதுக்கீடு சுழற்சி முறையில் மாறும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன்கீழ் முதல் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது.

நான்கு ஊராட்சிகளில் அத்தேர்தலுக்குப் பொருள் இல்லாமல் போனது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். ஊராட்சித் தலைமை தலித் மக்களுக்குப் போவதை ஆதிக்க சாதியினர் ஏற்கவில்லை.

காலியாக வைத்த விதம்

அவர்கள் கையாண்ட வழிகள் இரண்டு. ஒன்று, யாரும் வேட்புமனு தாக்கல் செய்யாமல் தடுப்பது. மற்றொன்று, தங்கள் சொல் கேட்கும் ஒரு தலித்தை நிறுத்தி வெல்ல வைத்து, பதவியேற்ற உடனே விலகச் செய்வது. மனு செய்யாமல் இருப்பது சட்டப்படி குற்றமில்லை. பதவி விலகுவதும் குற்றமில்லை. ஆனால் அந்த 'விருப்பம்' வேலையும் கடனும் நடைபாதையும் பிறர் கையில் இருக்கும் ஊரில் உருவானது. இடைத்தேர்தல்கள் மீண்டும் மீண்டும் அறிவிக்கப்பட்டன. நாற்காலி மீண்டும் மீண்டும் காலியானது.

மீறியவர்களுக்கு என்ன நேரும் என்பதை மேலூர் அருகேயுள்ள மேலவளவு காட்டியது. அங்கே பல தடைகளைக் கடந்து தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். துணைத் தலைவர் மூக்கன் உள்ளிட்ட தலித்துகளும் உடன் கொல்லப்பட்டனர். அந்தக் குருதி மற்ற ஊர்களுக்கும் விடுத்த எச்சரிக்கையாகவே நின்றது.

2006: நாற்காலி நிரம்பியது

தலித் இயக்கங்களும் இடதுசாரிக் கட்சிகளும் இந்த ஊராட்சிகளை மாநிலப் பிரச்சினையாக்கின. 2006 தேர்தலிலும் இவற்றின் தலைமை ஒதுக்கீட்டிலேயே நீடித்தது. 'பொறுத்திருந்தால் சுழற்சி மாறிவிடும்' என்ற கணக்கு அதனால் பொய்த்தது. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த த. உதயச்சந்திரன் ஊர் மக்களுடன் பலமுறை நேரில் பேசினார். அக்டோபரில் நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றனர். நவம்பரில் சென்னையில் நடந்த சமத்துவப் பெருவிழாவில் முதலமைச்சர் மு. கருணாநிதி அவர்களைப் பாராட்டினார்.

பத்தாண்டாக முடியாதது ஒரே தேர்தலில் எப்படி முடிந்தது? ஊரின் மனம் மாறியது என்று மட்டும் சொல்வது முழுமையாகாது. ஒதுக்கீடு நீங்காது என்பது உறுதியானது. நிர்வாகம் ஊரைத் தேடி வந்தது. வெளியே இயக்கங்கள் விழித்திருந்தன. இம்மூன்றும் ஒரே நேரத்தில் கூடின.

கையொப்பமும் கொடியும்

நாற்காலி நிரம்பிய பின்னும் அதிகாரம் தானாக வந்துவிடுவதில்லை. ஊராட்சியின் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாகக் கையொப்பமிட வேண்டும். துணைத் தலைவர் ஆதிக்க சாதியினராக இருந்து கையொப்பமிட மறுத்தால், குடிநீர்க் குழாய்ப் பணிகூட நின்றுவிடும். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் மன்றக் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட படம் வெளியானது. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவர் விடுதலை நாளன்று தேசியக் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார்.

1996இல் இல்லாத ஒரு கருவி இன்று நம்மிடம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. பட்டியல் சாதியினரை வேட்புமனு தாக்கல் செய்ய விடாமல் தடுப்பதும், மனுவைத் திரும்பப் பெற மிரட்டுவதும் 3(1)(எல்) பிரிவின்கீழ் குற்றம். தலைவராகவோ உறுப்பினராகவோ உள்ளவரின் பணியை மிரட்டித் தடுப்பது 3(1)(எம்) பிரிவின்கீழ் குற்றம். கொட்டக்கச்சியேந்தலில் 'ஊர்க் கட்டுப்பாடு' என்று சொல்லி நடந்ததற்கு, இன்று வழக்கு எண் கிடைக்கும்.

ஆனால் வழக்குக்குச் சான்று வேண்டும். மனுத்தாக்கல் நாளில் உடன் செல்வது, திடீர் பதவி விலகலின் காரணத்தை விசாரித்துப் பதிவு செய்வது, கிராம சபையில் தீர்மான நகலைக் கேட்டு வாங்குவது ஆகியவை கல்லூரி மாணவர்களும் செய்யக்கூடிய பணிகளே. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்குச் சென்றன. இத்தகைய இடைவெளிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை மௌனமாகிறது. ஊர்க்கூட்டத்துக்கோ பதவிக்காலம் என்று ஒன்றில்லை. நாற்காலி காலியாக இருக்கும் ஒவ்வொரு நாளிலும் ஆள்வது அந்த எழுதப்படாத அவைதான். பாப்பாபட்டியும் கொட்டக்கச்சியேந்தலும் பத்தாண்டுகளில் கற்பித்தது இதுவே.