விக்கெட் வரிசையின் தலைமை ஸ்தானம்: பார்ன்ஸ் முதல் முரளிதரன் வரை

பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் கிரிக்கெட் ஆளுவோரின் ஆட்டமாக இருந்ததில்லை. ரஞ்சிக் கோப்பைப் பந்தயத்தில் இப்பிரதேசத்துக்கென ஓர் அணி இடம்பெற்றதே 2018ஆம் ஆண்டில்தான். பிள்ளைச்சாவடிக் கடற்கரை மணலில் பந்து வீசிப் பழகிய ஒருவன், அதற்கு முன் எவ்வளவு சமர்த்தனாக இருந்திருப்பினும், தன் பிரதேசத்தின் பெயரால் அப்பந்தயக் கணக்கில் ஏறியிருக்க முடியாது. டெஸ்ட் கிரிக்கெட்டில் வாழ்நாள் விக்கெட்டுகளின் வரிசை காலந்தோறும் மாறிவந்த வரலாற்றை ஆராயப் புகுந்த எனக்கு, இந்த உள்ளூர்ச் செய்தியே வழிகாட்டியாயிற்று. அவ்வரிசை வீச்சாளரின் திறமையை அளப்பதுபோலவே, ஆடுகளத்தின் வாசல் எவருக்கு எப்போது திறந்தது என்பதையும் அளக்கிறது.

அமெரிக்கரின் பேஸ்பாலிலும் இதே பிரச்சினை உண்டு. பேப் ரூத்தின் 714 ஹோம் ரன்களை 1974இல் ஹாங்க் ஆரன் கடந்ததும், அவருடைய 755ஐ 2007 ஆகஸ்டில் பாரி பாண்ட்ஸ் கடந்ததும் வெறும் எண்ணிக்கையோடு முடிந்துவிடவில்லை. கறுப்பின ஆட்டக்காரரைப் பெரிய பந்தயங்களுக்கு வெளியே நிறுத்தியிருந்த காலத்து எண்ணையும், ஊக்க மருந்துச் சந்தேகம் சூழ்ந்த காலத்து எண்ணையும் ஒரே தராசில் வைக்கலாமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

கிரிக்கெட்டுக்கு வருவோம். 1901 முதல் 1914 வரை இங்கிலாந்துக்கு ஆடிய எஸ். எப். பார்ன்ஸுக்கு அப்பதின்மூன்று ஆண்டுகளில் வாய்த்த டெஸ்டுகள் 27. அவற்றில் அவர் வீழ்த்தியவை 189, அதாவது ஆட்டத்துக்குச் சரியாக ஏழு. உலக யுத்தம் குறுக்கிட, அவர் எண் 1936 வரை அசையாது நின்றது. அதை அசைத்த கிளாரி கிரிமெட், டெஸ்ட் அந்தஸ்து அப்போது இல்லாத நியூஜிலாந்தில் பிறந்து, ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து, தம் 33ஆம் வயதில் முதல் டெஸ்டைக் கண்டு, 37 ஆட்டங்களில் 216 விக்கெட்டுகளை எடுத்தவர். பிறந்த மண்ணிலேயே அவர் தங்கியிருந்தால் அவர் பெயரை இன்று எவரும் இவ்வரிசையில் தேடமாட்டார்.

அப்பால் பெட்ஸர், ஸ்டேத்தம், ட்ரூமன் என மூன்று ஆங்கிலேயர் தொடர்ந்தனர். ட்ரூமன் 1964இல் முதன்முதலாக 300ஐ எட்டினார். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்னும் இரு தேசங்களுக்கு வெளியே அந்த ஸ்தானம் முதலில் சென்றது 1976இல், கயானாவின் லான்ஸ் கிப்ஸிடம். பிறகு லில்லி, போத்தம், ஹாட்லி. 1994 பிப்ரவரியில் ஆமதாபாத்தில் 432ஆவது விக்கெட்டோடு கபில்தேவ். 2000இல் கோர்ட்னி வால்ஷ். கபில்தேவின் 434க்கு 131 ஆட்டங்கள் தேவைப்பட்டன என்று குறைகூறுவோர், வேகப்பந்துக்கு அனுகூலமற்ற இந்திய ஆடுகளங்களில் பதினாறு ஆண்டுகள் அவர் சுமந்த பாரத்தை மறந்து பேசுகின்றனர் என்பது என் அபிப்பிராயம்.

இனி இலங்கை. 1947இல் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்துச் சென்னை ரசிகரைப் பிரமிக்கவைத்த மகாதேவ சதாசிவம், தம் நாட்டுக்கு டெஸ்ட் அந்தஸ்து இல்லாமையால் ஒரு டெஸ்டும் ஆடாமலே போனார். அந்த அந்தஸ்து 1981இல் கிடைத்தது. தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து சென்ற ஒருவரின் பேரனாக 1972இல் கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன், பிறவியிலேயே முழுதும் நீட்டவியலாத முழங்கையோடு, 1992இல் அவ்வாசலுக்குள் நுழைந்தார். 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில், அவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று நடுவர் டாரல் ஹேர் மீண்டும் மீண்டும் நோ பால் விதித்தார். பின்னர் நடந்த பரிசோதனைகள், குற்றமற்றவரெனக் கருதப்பட்ட வீச்சாளர் பலரின் முழங்கையும் சிறிதளவு நிமிர்வதைக் காட்டவே, 2005இல் அனைவருக்கும் பொதுவாக 15 பாகை என்ற வரம்பு வகுக்கப்பட்டது. ஒருவருக்காக விதி வளைக்கப்பட்டது என்னும் கூற்று எனக்கு நியாயமாகப் படவில்லை. கண்ணுக்குப் புலப்படாததைக் கருவி கண்டது, விதி அதற்கு இணங்கியது.

2004 மே மாதம் ஹராரேயில் வால்ஷின் 519ஐ முரளிதரன் கடந்தார். அதே ஆண்டு அக்டோபரில், நம் சேப்பாக்கத்திலேயே, இர்பான் பதானை வீழ்த்தி 533ஐ எட்டிய ஷேன் வார்ன் அவரைக் கடந்தார். அன்று முதலிடத்துக்குப் போட்டியிட்ட இருவருமே சுழற்பந்து வீச்சாளர் என்பது விசேஷமானது. 708 விக்கெட்டுகளோடு வார்ன் விலகிய அதே 2007இன் டிசம்பர் 3 அன்று, கண்டியில் காலிங்வுட்டின் ஸ்டம்பைச் சாய்த்து முரளிதரன் அந்த ஸ்தானத்தை மீட்டார். அவர் விக்கெட்டுகளில் 176, பலமற்ற ஜிம்பாப்வே, வங்கதேச அணிகளிடமிருந்து வந்தவை என்பது மெய்தான். அவற்றை நீக்கினாலும் 108 ஆட்டங்களில் 624 எஞ்சுகின்றன, ஆட்டத்துக்கு ஏறத்தாழ 5.8. வார்னின் சராசரி 4.9. பார்ன்ஸின் ஏழுக்கு மிக அருகில் வருபவர்கள் வரிசையில், இத்தனை ஆட்டங்களின் சுமையோடு வேறொருவர் இல்லை.

2010 ஜூலையில் காலியில் தம் கடைசி டெஸ்டென அறிவித்து இறங்கியபோது அவரிடம் இருந்தவை 792. முதல் இன்னிங்ஸில் ஐந்து, இரண்டாவதில் இரண்டு. ஐந்தாம் நாளில் இந்தியாவின் கடைசி ஜோடி நிற்க, 800க்கு இன்னும் ஒன்று மிச்சம். பிரக்யான் ஓஜாவின் மட்டையின் விளிம்பில் பட்ட பந்து ஸ்லிப்பில் நின்ற மகேல ஜெயவர்த்தனவின் கையை அடைந்தது. 133 டெஸ்டுகளில் அவர் வீசிய 44,039ஆவது பந்து அது.