வெளிச்சத்தால கண்ணை வெட்டின கதை

"வெளிச்சத்தால வெட்டுறதெண்டா அது சுடாதோ?"

இந்தக் கேள்வியைக் கேட்டது உயிலங்குளத்தில இருக்கிற எங்கட தோழியின்ர அம்மம்மா. தோழிக்கு ரெண்டு கண்ணிலயும் குறும்பார்வை, பவர் மைனஸ் ஆறரை. லேசர் சத்திரசிகிச்சைக்கு முதல் செய்யிற பரிசோதனைக்காகக் கொழும்புக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். ரெண்டு கிழமைக்கு கொன்ராக்ட் லென்ஸ் போடக்கூடாது எண்டு சொல்லியிருந்ததால பழைய தடிச்ச கண்ணாடியோட இருந்தாள். அம்மம்மா பள்ளிமுனை லூசியாவுக்கு நேத்தி வச்சிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டா. எங்களில ஒருத்தருக்கும் பதில் தெரியாது. கலைப்பீடத்தில படிக்கிற நாங்கள் எல்லாரும் ஃபோனை எடுத்தோம். தேடத் தேடப் போன கதைதான் இது.

அம்மம்மாவின் கேள்வி சரியான கேள்வி. ஏனெண்டால் கண் வைத்தியத்துக்குள் வெளிச்சம் முதலில் வந்ததே சுடுகிற ஆளாகத்தான். 1945 ஜூலை 9 அன்று ஐரோப்பாவில் ஒரு சூரிய கிரகணம். அதை வெறுங்கண்ணால் பார்த்த ஒரு மருத்துவ மாணவரின் விழித்திரையில் சூடு வைத்தது போல ஒரு வடு விழுந்தது. அந்த வடுவைப் பார்த்த ஜேர்மன் கண் வைத்தியர் கெர்ட் மையர்-ஷ்விக்கராத் வேறு விதமாக யோசித்தார். கண்ணைக் கெடுக்கிற அதே சூட்டை, கிழிந்துபோன விழித்திரையை ஒட்டவைக்கப் பாவிக்க முடியாதா? சூரிய வெளிச்சத்தைக் கண்ணாடிகளால் பிடித்து நோயாளியின் கண்ணுக்குள் அனுப்பிப் பார்த்தார். முகில் வந்தால் வைத்தியம் நிண்டுபோகும். பிறகு விளக்குகளுக்கு மாறினார். மன்னார் வெயிலில் வளந்த எங்களுக்கு இது வாசிக்கச் சிரிப்பாவும் இருந்தது, பயமாவும் இருந்தது. 2019 டிசம்பர் 26 கிரகணத்தை நாங்கள் கனபேர் எக்ஸ்ரே படத்துக்குள்ளாலதான் பாத்தம். அது பாதுகாப்பில்லை எண்டு இப்பதான் வாசிச்சம்.

1960 மே மாதத்தில் தியோடர் மைமன் கலிஃபோர்னியாவில் முதலாவது லேசரை ஒளிரவைத்தார். அடுத்த வருட முடிவுக்குள் நியூயோர்க்கில் ஒரு நோயாளியின் விழித்திரைக் கட்டியைச் சுட அது பயன்பட்டுவிட்டது. ஆனால் அந்த லேசரும் சுடுகிற லேசர்தான். கண்ணாடி போடுகிற ஆளின் கண்ணாடியைக் கழற்ற அதால ஒண்டும் செய்யேலாது. அதுக்குக் கண்ணின் முன்பக்கத்தில் இருக்கிற தெளிந்த படலத்தின், அதாவது விழிவெண்படலத்தின், வளைவை மாற்ற வேண்டும். அரை மில்லிமீற்றர் தடிப்புத்தான் அது. அதைச் சுட்டால் வெள்ளையாகிப் பார்வை போய்விடும்.

அதனால் அந்த வேலை கனகாலம் கத்தியோடதான் நடந்தது. இந்தப் பகுதியைத்தான் நாங்கள் ஆகலும் கூடுதலாக வாசித்தோம். 1930களின் கடைசியில் ஜப்பானில் சுத்தொமு சாத்தோ என்ற வைத்தியர், விழிவெண்படலத்தின் உள்பக்கத்திலும் வெளிப்பக்கத்திலும் வெட்டுகள் போட்டு வளைவைக் குறைத்தார். முதலில் எல்லாருக்கும் சந்தோசம். பத்து, இருபது வருடங்கள் கழித்து அந்தக் கண்கள் ஒவ்வொன்றாகப் புகைமூடத் தொடங்கின. படலத்தின் உள்பக்கத்தில் ஒற்றை வரிசையாக இருக்கிற கலங்கள்தான் படலத்துக்குள் தண்ணி தேங்காமல் வெளியே இறைப்பவை. அவை மனிதரில் திரும்ப வளராது. சாத்தோ வெட்டின காலத்தில் இது ஒருவருக்கும் தெரியாது.

ஹோசே பராக்கேர் 1949 அளவில் வேறு வழி தேடினார். படலத்தின் மேல்பக்கத்தை ஒரு வட்டமாகச் சீவி எடுத்து, உறையவைத்து, கடைசல் மெசினில் கடைந்து, திரும்பத் தைத்துவிடுவது. கேட்கவே கூசுது. ஆனால் மேல்மூடியைத் திறந்து உள்ளே வளைவை மாற்றுவது என்ற யோசனை அவருடையது. இண்டைக்கு நடக்கிற லேசிக்கின் அரைவாசி அதுதான்.

மொஸ்கோவில் ஃபியோதரோவ் 1970களில் வெளிப்பக்கத்தில் மட்டும், சைக்கிள் சில்லின் கம்பிகள் போல வெட்டுகள் போட்டார். கண்ணாடி உடைந்து சில்லு கண்ணில் குத்தின ஒரு பையனுக்குக் காயம் ஆறின பிறகு பார்வை முன்னையைவிட நல்லாகிவிட்டதாகவும், அதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த எண்ணம் வந்ததாகவும் ஒரு கதை சொல்வார்கள். நோயாளிகளைச் சுழலும் மேசைகளில் கிடத்தி, ஒவ்வொரு வைத்தியரும் ஒவ்வொரு வேலையைச் செய்ய, கார்த் தொழிற்சாலை மாதிரிச் சத்திரசிகிச்சை நடத்திய ஆளும் அவர்தான். இந்த முறை அமெரிக்காவுக்கும் போனது. அங்கே பத்து வருடம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், 43 வீதமான கண்கள் ஒரு பவரோ அதுக்கு மேலோ மறுபக்கத்துக்கு, தூரப்பார்வைப் பக்கமாக, நகர்ந்திருந்தன. வெட்டின படலம் வருடக்கணக்காகத் தளர்ந்துகொண்டே போயிருக்கிறது.

இனி அம்மம்மாவுக்கான பதில்.

1981 நவம்பர் 27. அமெரிக்காவில் நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த நாள். நியூயோர்க் மாநிலத்தில் ஐபிஎம் கம்பனியின் ஆய்வுகூடத்துக்கு ரங்கசுவாமி ஸ்ரீனிவாசன், முதல்நாள் விருந்தில் மிஞ்சின வான்கோழியைக் கொண்டுவருகிறார். அவர் 1929இல் மதராஸில் பிறந்து, மதராஸ் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்து, பிறகு அமெரிக்கா போனவர். அவரோடு ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் என்ற ரெண்டு சகபாடிகள். கணினிச் சில்லு செய்கிற வேலைக்காக, எக்சைமர் லேசரால் பிளாஸ்ரிக்கில் நுணுக்கமாகச் செதுக்க முடியும் எண்டு ஏற்கெனவே கண்டிருந்தார்கள். அண்டைக்கு அதை வான்கோழியின் எலும்பிலும் குருத்தெலும்பிலும் அடித்துப் பார்த்தார்கள். வேறு ஒரு பச்சை நிற லேசர் பட்ட இடம் கருகியது. எக்சைமர் பட்ட இடத்தில் சுத்தமான ஒரு பள்ளம் மட்டும். ஓரம் கருகவில்லை.

காரணம் இதுதான். அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாத கழியூதா, அலைநீளம் 193 நனோமீற்றர். இழையம் அதை மேற்பரப்பிலேயே முழுக்க உறிஞ்சிவிடும், ஆழத்துக்குப் போகாது. அதன் சக்தி மூலக்கூறுகளின் பிணைப்புகளை நேரடியாக அறுக்கும். அறுந்த துண்டுகள் சூட்டையும் தங்களோடு கொண்டு பறந்துவிடும். ஒரு துடிப்புக்குப் போகிறது ஒரு மைக்ரோனின் கால்வாசி அளவுதான். மைக்ரோன் என்றால் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று. ஒரு மனிதத் தலைமயிரில் இந்த லேசரால் வரிசையாகக் காடி வெட்டிய படம் ஒன்று இருக்கிறது, தேடிப் பாருங்கோ. அரிவாளால பனைமட்டையில கொத்தின மாதிரி இருக்கும், மயிர் கருகியிராது. ஆகவே அம்மம்மா, சுடாது. ஆனா லேசாக் கருகின மாதிரி ஒரு மணம் வரும் எண்டு செய்தவை கனபேர் சொல்லுகினம்.

1983இல் நியூயோர்க் கண் வைத்தியர் ஸ்டீபன் ட்ரோக்கல் மாட்டுக்கண்களோடு ஐபிஎம்முக்கு வந்தார். அந்த வருடமே விழிவெண்படலத்தில் எக்சைமர் பற்றிய கட்டுரை வெளிவந்தது. மூவரின் காப்புரிமை 1988இல் கிடைத்தது. பேர்லினில் தியோ சைலர் மனிதக் கண்களில் தொடங்கினார். 1988இல் அமெரிக்காவில் மார்கரெட் மக்டொனால்ட், புற்றுநோயால் கண்ணையே அகற்றவிருந்த ஒரு பெண்ணின் நல்ல பார்வையுள்ள கண்ணில் அவரின் சம்மதத்தோடு செய்து பார்த்தார். எப்படியும் போகப்போகிற கண்ணைப் படிப்புக்குக் குடுத்துவிட்டுப் போயிருக்கிறா அந்த மனிசி. அதே வருடங்களில் கிரீட் தீவில் இயோன்னிஸ் பாலிக்காரிஸ், பராக்கேரின் மூடியையும் எக்சைமரையும் சேர்த்தார். லேசிக் வந்தது. மூடி வெட்டின கத்தியும் பிறகு லேசரானது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் பாதுகாப்புக் கண்ணாடியை ஒரு கணம் தூக்கின மாணவர் ஒருவரின் விழித்திரையில் அதிவேக லேசர் பட்டது. காயத்தைப் பார்த்த வைத்தியர், காயத்தின் ஓரம் இவ்வளவு துல்லியமா எண்டு அதிசயப்பட்டதிலிருந்துதான் அந்தக் கருவி பிறந்தது. திரும்பவும் ஒரு மாணவரின்ர கண்.

இந்த இடத்தில ஒரு விசயம். 2013இல் ஸ்ரீனிவாசனும் மற்ற ரெண்டு பேரும் ஒபாமாவிடம் தேசியப் பதக்கம் வாங்கின படத்தை வச்சு, 'லேசர் கண் சத்திரசிகிச்சையைக் கண்டுபிடித்தவர் நம்மவர்' எண்டு வட்ஸ்அப்பில பரப்புறவையைப் பாத்திருப்பியள். எங்களுக்கு இது பொருந்துதாத் தெரியேல்ல. அவர் மதராஸ்காரர் எண்டது உண்மை, அந்த வான்கோழியைக் கொண்டுவந்தவர் எண்டதும் உண்மை. ஆனா அந்தக் காப்புரிமையில மூண்டு பேர் இருக்கினம். அதுக்கு முன்னால பராக்கேர் இருக்கிறார். பேரே இல்லாமல் சாத்தோவின்ர நோயாளிகளும் இருக்கினம்.

தோழியின் கதைக்கு வருவோம். அவளின் அம்மாவுக்கும் குறும்பார்வைதான். 2008இல் இடம்பெயர்ந்த நேரம் அம்மாவின் கண்ணாடி உடைந்துபோனது. மாற்ற இடமில்லை. மூண்டு மாசமா ஆக்களைக் குரலை வச்சுத்தான் அடையாளம் கண்டதாக அம்மா சொல்லுவா. சாமான் லைனில முன்னுக்கு நிக்கிறது ஆரெண்டு தெரியாது, ஷெல் விழுற பக்கம் தெரியாது, பிள்ளையின்ர கையை விடாமப் பிடிச்சபடி. அந்தப் பிள்ளைதான் இவள். தையல் காசில சீட்டுக் கட்டி, மகளுக்கு இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்விக்கவேணும் எண்டு அம்மா நிண்டது அழகுக்காக இல்லை.

கொழும்பில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அரைநாள் பரிசோதனை. கண்மணியை விரிக்கிற துளி, கண்ணீர் சுரக்கிறதை அளக்கிற கடதாசித் துண்டு, இருட்டில் கண்மணி எவ்வளவு பெரிதாகிறது என்ற அளவு. ஒரு மெசினுக்குள் வட்டம் வட்டமாகக் கறுப்பு வெள்ளை வளையங்கள், அவை படலத்தில் விழுகிற நிழலை வைத்து வளைவின் வரைபடம் கீறுவது. அந்த வளையத் தட்டு 1880களிலேயே போர்த்துக்கல்லில் பிளாசிடோ செய்தது, இப்ப கணினி சேர்ந்திருக்கு, அவ்வளவுதான். கொன்ராக்ட் லென்ஸை ரெண்டு கிழமை கழட்டச் சொன்னதும் இதுக்குத்தான். லென்ஸ் படலத்தை அமத்தி வச்சிருந்தால் வரைபடம் பொய் சொல்லும்.

பிறகு தடிப்பு. சாதாரணமாக 540 மைக்ரோன் அளவில் இருக்கும். இவளுக்கு 478.

கணக்கை நாங்களே போட்டுப் பாத்தம். 1988இல் மன்னர்லின் என்பவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஒரு சுலபமான சூத்திரம் இருக்கிறது. பவரை, லேசர் படும் வட்டத்தின் விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி மூன்றால் பிரித்தால், எத்தனை மைக்ரோன் போகும் என்று வரும். ஆறரையை முப்பத்தாறால் பெருக்கி மூன்றால் பிரிக்க 78. மூடிக்கு 110. மிச்சம் 290. குறைந்தது 250 மிஞ்சவேண்டும் என்பது பழைய விதி, இப்ப 300ஐப் பார்க்கிற வைத்தியர்கள் கனபேர். அதோட வரைபடத்தில் படலத்தின் கீழ்ப்பக்கம் கொஞ்சம் கூடச் செங்குத்தாக இருந்தது. கூம்பாக நீள்கிற நோயின் தொடக்கமோ என்று சந்தேகம். சோளகக் காத்தில தூசி பட்டு நாள் முழுக்கக் கண்ணைக் கசக்கிற பழக்கமும் அதோட தொடர்புபட்டதாம். நாங்கள் எல்லாரும் கசக்கிறனாங்கள்.

இப்பிடி ஒரு கண்ணில் லேசிக் செய்தால் என்ன நடக்கும் என்பதும் ஆரோ ஒருவரின் கண்ணால்தான் தெரியவந்தது. 1998இல் அதே தியோ சைலர், லேசிக்குக்குப் பிறகு படலம் மெலிந்து முன்னால் பிதுங்கிய நோயாளிகளைப் பற்றி எழுதினார். அந்த முறையை உலகத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரே அதன் ஆபத்தை எழுதினது எங்களுக்குப் பெரிய விசயமாப் பட்டது. அவரும் ட்ரெஸ்டன் நகரத்துக் கூட்டாளிகளும் பிறகு, விற்றமின் பி2 துளியையும் கழியூதா வெளிச்சத்தையும் கொண்டு படலத்தை இறுக்குகிற சிகிச்சையைச் செய்தார்கள். 2003இல் முடிவுகள் வந்தன. அதுவும் சரிவராவிட்டால் கடைசி வழி, இறந்த ஒருவரின் படலம். அதில எங்கட நாட்டுக்கு ஒரு பேர் இருக்கு. 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கம் 1964இல் சிங்கப்பூருக்கு முதல் படலங்களை அனுப்பினது. அதுக்குப் பிறகு கனநாடுகளுக்குப் போயிருக்கு. கண்ணப்பர் கதையைப் படிச்சு வளந்த எங்கட பக்கத்தில கண்தானப் படிவம் நிரப்பின ஆக்களை எங்களுக்கு விரல்விட்டு எண்ணலாம். அதைப் பற்றி வேறொரு கட்டுரை எழுதோணும்.

வைத்தியர் 'இப்ப வேண்டாம்' எண்டிட்டார். ஆறு மாதம் கழிச்சுத் திரும்பவும் வரைபடம் எடுத்து, மாறுதோ எண்டு பாக்கவேணும். தோழி கண்மணி விரிஞ்சபடி, வெயில் கூசக் கூச, அம்மாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாளாம். மதவாச்சி தாண்டும் வரைக்கும் அம்மா ஒண்டும் கதைக்கேல்லையாம். பிறகு, "காசு இருக்கட்டும், ரெண்டு கண்ணாடி செய்வம், ஒண்டு போட, ஒண்டு பாக்கில வைக்க" எண்டாவாம்.

போன கிழமை ரெண்டும் வந்திட்டுது. அம்மம்மா ஒண்டைப் போட்டுப் பாத்திட்டு, தலை சுத்துது எண்டு கழட்டி வச்சிட்டா.