கோட்டைக்குள் ரூம் சர்வீஸ்

வருகிறவரை எப்படி உபசரிக்கலாம் என்று யோசித்துக் கட்டுவது ஹோட்டல். வருகிறவனை எப்படி விரட்டலாம் என்று யோசித்துக் கட்டியது கோட்டை. இரண்டையும் ஒன்றாக்கி, ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டால் என்ன ஆகும்?

ராஜஸ்தான் டூர் போய்வந்த உங்கள் நண்பரைக் கேட்டுப் பாருங்கள். ‘கோட்டை பிரமாதம் சார்... ஆனா சர்வீஸ்தான்...’ என்று இழுப்பார். லிஃப்ட் கிடையாது. படியேறி முட்டி கழன்றுவிட்டது. ரூம் வாசலில் தலை இடித்தது. ஜன்னல் கையகலம். டீ சொன்னால் அரை மணி நேரம் கழித்து ஆறிப்போய் வருகிறது. வெந்நீர் பாதிக் குளியலில் நின்றுவிட்டது. பக்கத்து அறைக்காரருக்குப் பெரிய அறை, நமக்குப் புறாக்கூடு. வாடகை மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்று!

ஒரு நிமிஷம். இந்தப் புகார்களில் பாதி, கோட்டையைக் கட்டியவனுக்கு நாம் தரும் பாராட்டுப் பத்திரம்.

ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டைக்குப் போனால் புரியும். 1459-ல் ராவ் ஜோதா அடித்தளம் போட்ட கோட்டை. மேலே போகும் பாதை நேராகப் போகாது. வாசலுக்குச் சற்று முன்னால் சட்டென்று திரும்பும். எதற்கு? கதவை முட்டி உடைக்க யானையை ஓட்டி வருவார்கள். யானை வேகம் எடுக்க நீளமான நேர்பாதை வேண்டும். திருப்பம் வைத்துவிட்டால் யானை நின்று திரும்பித்தான் வர வேண்டும். அப்படியும் வந்தால் நெற்றியில் குத்தக் கதவில் இரும்பு முள். படிக்கட்டு குறுகலாக இருந்தால் எதிரி ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். வாசல் தாழ்வாக இருந்தால் முதலில் தலை உள்ளே வரும், கத்தி பிறகுதான் வரும். காவல்காரனுக்கு வேலை சுலபம். நீங்கள் அன்று இடித்துக்கொண்டது ஐநூறு வருஷத்துப் பாதுகாப்பு ஏற்பாட்டின் மீது!

டீ ஆறிப்போனதற்கும் இதே கதைதான். அடுப்பும் புகையும் ராஜா படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்காது. சமையல்கட்டு ஒரு மூலை, ஆண்கள் பகுதியான மர்தானா ஒரு பக்கம், பெண்கள் பகுதியான ஜனானா எங்கோ உள்ளே. நடுவில் நாலு முற்றம், எண்பது படி. அந்தக் காலத்தில் கையில் தட்டோடு ஓட ஆட்கள் இருந்தார்கள். எத்தனை பேர், என்ன கூலிக்கு? அதற்குப் பிறகு வருகிறேன். இந்தக் கட்டுரையில் முக்கியமான விஷயமே அதுதான்.

முதலில், கோட்டைக்காரர்கள் ஏன் ரூம் வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள்?

கணக்கு உதைத்தது. அவ்வளவுதான். சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தன. கைமாறாக மன்னர்களுக்கு வருஷா வருஷம் மானியம் தருவதாக அரசியல் சட்டத்திலேயே எழுதிக் கொடுத்தார்கள். மைசூர் மகாராஜாவுக்கு 26 லட்சம், ஜெய்ப்பூருக்கு 18 லட்சம். பட்டியலின் கடைசியில் குஜராத் பக்கத்துக் கடோடியா என்ற குட்டி சமஸ்தானம். அதன் அதிபருக்கு வருஷத்துக்கு 192 ரூபாய். தப்பாகப் படிக்கவில்லை. மாசம் 16 ரூபாய்தான்!

மன்னர்களுக்குக் கீழே இருந்த ஜாகீர்தார்களுக்கு, அதாவது டாக்கூர்களுக்கு, இந்த மானியமும் இல்லை. 1952-ல் ராஜஸ்தானில் ஜாகீர் ஒழிப்புச் சட்டம் வந்து நில வருமானம் போனது. நஷ்டஈடு என்று ஏதோ வந்தது. ஆனால் கோட்டை அப்படியே நின்றது. ஒரு மழைக்குச் சுண்ணாம்பு உதிரும், அடுத்த மழைக்குக் கூரை ஒழுகும். வரவு நின்றுபோன பிறகும் செலவு மட்டும் நிற்காத ஒரு சொத்து. காமர்ஸ் படித்த எனக்கு இதைவிடப் பயங்கரமான பேய்க்கதை கிடையாது.

மன்னர்களின் மானியமும் நிலைக்கவில்லை. 1970-ல் இந்திரா காந்தி அரசு அதை ஒழிக்க மசோதா கொண்டுவந்தது. மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் ஒரு ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றது. உடனே ஜனாதிபதி உத்தரவு போட்டு மன்னர்களின் அங்கீகாரத்தையே பறித்தார்கள். உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. 1971 தேர்தலில் இந்திரா பெரும் வெற்றி பெற்றுத் திரும்பினார். அந்த வருஷக் கடைசியில் 26-வது திருத்தம். மானியம் காலி.

புத்திசாலிகள் அதற்கு முன்பே வழி பார்த்திருந்தார்கள். ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் மான்சிங், தான் குடியிருந்த ராம்பாக் அரண்மனையை 1957-லேயே ஹோட்டலாக்கிவிட்டார். ராணி காயத்ரி தேவிக்கு அதில் மனசே இல்லை. உதய்ப்பூரில் ஏரி நடுவே இருக்கும் அரண்மனை 1963-ல் ஹோட்டலானது. இவையெல்லாம் அரண்மனைகள். சுகமாக இருக்கவென்றே கட்டியவை. அதனால் மாற்றுவது அவ்வளவு கஷ்டமில்லை.

கோட்டை வேறு ஜாதி. நீம்ரானாவை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லி - ஜெய்ப்பூர் நெடுஞ்சாலையில், டெல்லியிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். பிருத்விராஜின் வழிவந்த சௌஹான்கள் 1464-ல் மலைச்சரிவில் அடுக்கடுக்காகக் கட்டியது. 1947 வாக்கில் ராஜா குடும்பம் இடிந்துகொண்டிருந்த கோட்டையை விட்டுக் கீழே ஒரு வீட்டுக்குக் குடிபோனது. விற்கப் பார்த்தார்கள். பல பத்தாண்டுகள் வாங்க ஆளில்லை. இந்தியாவில் குடியேறிய பிரெஞ்சுக்காரர் ஃபிரான்சிஸ் வாக்ஸியார்கும், வரலாற்று எழுத்தாளர் அமன் நாத்தும் நண்பர்களோடு சேர்ந்து 1986-ல் வாங்கினார்கள். 1991-ல் சில அறைகளோடு திறந்தார்கள். அறைகளுக்கு நம்பர் கிடையாது, பெயர்தான். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. இருக்கவும் முடியாது. அது ஒரு காலத்தில் தானியக் கிடங்காக இருந்திருக்கும், இது காவல்காரன் நின்ற மாடமாக இருந்திருக்கும். பக்கத்து அறை பெரியது என்று சண்டை போட்டால், கட்டியவரைத் தேடி பதினைந்தாம் நூற்றாண்டுக்குத்தான் போக வேண்டும்.

இந்த மாதிரி ஹோட்டல்களுக்கு மத்திய சுற்றுலா அமைச்சகம் ‘ஹெரிடேஜ் ஹோட்டல்’ என்று தனி வகுப்பே வைத்தது. 1950-க்கு முன்னால் கட்டியிருக்க வேண்டும். குறைந்தது 5 அறைகள். கட்டடத்தின் பழைய முகம் மாறக் கூடாது. அதாவது, உங்கள் முட்டிவலிக்காக முகப்பை இடித்து லிஃப்ட் வைக்க முடியாது!

படியை மன்னித்துவிட்டோம். வெந்நீர்?

ஜெய்சல்மேருக்கு வாருங்கள். 1156-ல் ராவல் ஜெய்சல் எழுப்பிய மஞ்சள் கோட்டை. ராஜஸ்தானின் ஐந்து மலைக்கோட்டைகளோடு சேர்த்து 2013-ல் யுனெஸ்கோ பட்டியலுக்குப் போனது. இன்னும் ஆயிரக்கணக்கான பேர் உள்ளே குடியிருக்கிறார்கள். கூடவே டஜன் கணக்கில் விடுதிகள். பாலைவன ஊர். ஒரு காலத்தில் கீழே கடிசர் ஏரியிலிருந்து பெண்கள் குடம் குடமாகத் தலையில் சுமந்து மேலே கொண்டுவந்த தண்ணீர். அப்படி வந்த தண்ணீரை யாராவது வீணாக்குவார்களா? ஒரு சொட்டு கீழே போகாது.

குழாய் வந்தது. டூரிஸ்ட் வந்தார். காலை ஒரு ஷவர், ஒட்டகச் சவாரி முடிந்து மணலைக் கழுவ மாலை ஒரு ஷவர், நடுவில் ஃப்ளஷ். கொண்டுவர ஏற்பாடு இருந்த அளவுக்கு வெளியே அனுப்ப ஏற்பாடு இல்லை. கழிவுநீர் மலைக்குள் இறங்கியது. கோட்டைக்கு அடியில் இருந்த களிமண் ஊறி உப்பியது. சுவர்கள் நகர்ந்தன. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996-ல் இந்தக் கோட்டையை ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் மழையில் கொத்தளங்கள் இடிந்தன. வெளிச்சுவர் சரிந்து ஆட்கள் செத்தார்கள். எண்ணூறு வருஷம் படையெடுப்புகளைத் தாங்கிய கோட்டை, பாத்ரூமிடம் தோற்றுக்கொண்டிருந்தது! பிறகு கழிவுநீர்க் குழாய்களை மாற்றும் வேலைகள் நடந்தன. ஆனால் அங்கே தங்கி, ‘ரெண்டு வாளிதான் வெந்நீர் தர்றாங்க’ என்று சொல்கிறவருக்கு என்ன பதில் சொல்வது? அந்த விடுதிக்காரருக்கு நான் ஒரு மார்க் கூடவே போடுவேன்.

இப்போது, தட்டோடு ஓடிய அந்த ஆட்கள்.

‘ஒரு நாள் ராஜாவாக வாழ்ந்து பாருங்கள்’ என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். ராஜாவாக வாழ்ந்தவருக்கு என்ன சர்வீஸ் கிடைத்தது, அதற்கு யார் காசு கொடுத்தார்கள்? யாரும் கொடுக்கவில்லை. அதற்குப் பெயர் ‘பேகார்’. கூலியில்லாக் கட்டாய வேலை. டாக்கூர் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் விறகு, தண்ணீர், குதிரைக்குப் புல், மூட்டை தூக்க ஆள் எல்லாம் கிராமத்திலிருந்து வரவேண்டும். அறுவடை நேரமா, வீட்டில் சாவா, கேட்க மாட்டார்கள். கோட்டைக்குள் இருந்த பரம்பரை வேலைக்காரர்களுக்குத் தரோகா என்று பெயர். இளவரசிக்குக் கல்யாணம் ஆனால் பாத்திரம் பண்டத்தோடு இவர்களையும் சீதனமாக அனுப்புவார்கள். மனிதர்களை!

இதை ஜனங்கள் சும்மா சகித்துக்கொண்டிருக்கவில்லை. மேவாரில் பிஜோலியா என்ற ஜாகீர். அங்கே விவசாயிகள் மீது 84 வகை வரிகள், கூடவே பேகார். 1903-ல் டாக்கூர் இன்னொன்றைச் சேர்த்தார். பெண்ணுக்குக் கல்யாணம் செய்தால் 5 ரூபாய் கட்டு! விவசாயிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? பெண்களுக்குக் கல்யாணம் செய்வதையே நிறுத்தினார்கள். நிலத்தைத் தரிசாகப் போட்டார்கள். கடைசியில் டாக்கூர் அந்த வரியை வாபஸ் வாங்கினார். பிறகு விஜய் சிங் பதிக் தலைமையில் போராட்டம் பெரிதானது. 1922-ல் 84-ல் 35 வரிகளை நீக்குவதாக ஒப்பந்தம் போட்டு, அதையும் மதிக்காமல் இழுத்தடித்தார்கள். 1897-ல் ஆரம்பித்த தகராறு முடியும்போது 1941. காந்தி இந்தியா திரும்புவதற்குப் பதினெட்டு வருஷம் முன்பே தொடங்கிய இந்த உழவர் போராட்டத்தை நம் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிப் போய்விடும்.

நம் அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவைப் படித்திருக்கிறீர்களா? ஆங்கில வாசகத்தில் மனித வியாபாரத்தோடு சேர்த்து ‘பேகார்’ என்ற அந்த இந்திச் சொல்லையே எழுதித் தடை செய்திருக்கிறார்கள். 1950 ஜனவரி 26-லிருந்து அது குற்றம்.

ஆக, கோட்டையில் ‘பழைய காலத்து உபசாரம்’ கிடைக்கவில்லை என்று யாராவது குறைப்பட்டால், நல்லதுதானே என்று சொல்லத் தோன்றுகிறது.

ஒரு குளிர்காலத்தில் ராஜஸ்தானில் ஒரு கோட்டை ஹோட்டலில் இரண்டு ராத்திரி தங்கினேன். பெயர் வேண்டாம். வாசலில் சிவப்புத் தலைப்பாகை, முறுக்கு மீசை, சாமந்தி மாலை, நகாரா சத்தம். ஒருவர் குனிந்து ‘ஹுகும்’ என்றார். ராஜபுத்திர வீடுகளில் பெரியவர்களிடம் மரியாதைக்குச் சொல்லும் சொல். நாம் ‘சொல்லுங்க ஐயா’ என்போமே, அந்த மாதிரி. ஹோட்டலில் அதைப் பயிற்சி கொடுத்துச் சொல்ல வைக்கிறார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. கீஸர் மக்கர் செய்தது. டீ ஆறித்தான் வந்தது. ராத்திரி கூரையில் வௌவால்.

ஆனாலும் சர்வீஸுக்கு எவ்வளவு மார்க் போடலாம் என்பதை வேறு ஒரு கேள்வியில் தெரிந்துகொண்டேன். என் பெட்டியைத் தூக்கி வந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். பக்கத்துக் கிராமம். அவருடைய தாத்தா இதே படிகளில் தண்ணீர் சுமந்தவராம். “தாத்தாவுக்கு என்ன கூலி பையா?” என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன்.

“தீபாவளிக்குத் துணி. அறுவடைக்குக் கொஞ்சம் தானியம், அதுவும் கொடுத்தா உண்டு.”

“உங்களுக்கு?”

“ஒண்ணாம் தேதி பேங்க்ல விழுந்துடும் சாப். பி.எஃப். பிடிக்கிறாங்க.”

சொன்னபோது அவர் குரலில் இருந்த சாதாரணத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

கிளம்பும்போது பில் வந்தது. நமக்குத்தான் தொழில் புத்தி போகாதே, வரிவரியாகப் பார்த்தேன். சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம். ஹோட்டல்கள் இதைத் தாங்களாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022-ல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லி, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரி என்று சொல்லிவிட்டது. எடுக்கச் சொன்னேன். மேனேஜர் முகம் கொஞ்சம் மாறியது, எடுத்துவிட்டார். அந்தத் தொகையைச் சமையல்கட்டுக்கும் பெட்டி தூக்கியவருக்குமாகப் பிரித்துக் கையில் கொடுத்தேன்.

இறங்கும்போது படிகளை எண்ணினேன். 112. ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஏறுவீர்கள் என்று அவரைக் கேட்டேன்.

“சீசன்ல இருபது தரம் இருக்கும்” என்றார். பெட்டியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, “உங்க பெட்டி சின்னது சாப். பரவாயில்ல” என்றார்.