ஓர் இயந்திரத்துள் பல இயந்திரங்கள்



ஒரு கணினிக்குள்ளே பல கணினிகள் இயங்குகின்றன என்றால் அது இந்திரஜாலம் போலத் தோன்றும். மெய்நிகர் இயந்திரம் எனப்படுவது அத்தகையதே. அதற்குத் தனியான உடல் இல்லை, ஆயினும் அது கணக்கிடுகின்றது, வட்டில் எழுதுகின்றது. உடலற்ற இயந்திரம் உண்மையான வன்பொருளைத் தீண்டுவது எவ்வாறு?

அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரிலே ஐ.பி.எம். நிறுவனத்தின் அறிவியல் நிலையம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் கணினி மிகுந்த விலையுடையது. ஒன்றைப் பலர் பகிர்ந்தே தீரவேண்டும். ஆயின் ஒருவர் விடும் பிழை மற்றவர் வேலையைக் கெடுத்தலாகாது. ஆகவே ஒவ்வொருவருக்கும் முழுக் கணினியே கிடைத்ததுபோலத் தோன்றச் செய்யும் முயற்சியில் றொபேட் கிறீசி, லெஸ் கோமோ என்போர் 1964ஆம் ஆண்டிலே இறங்கினர். 1967ஆம் ஆண்டில் அவர்களது சி.பி.-40 என்னும் கட்டுப்பாட்டுச் செய்நிரல் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே கணினியில் 14 மெய்நிகர் இயந்திரங்கள் வரை அதனால் இயங்கின.

அதன் நுட்பம் எளிது. கூட்டல், ஒப்பிடல் போன்ற சாதாரண அறிவுறுத்தல்கள் உண்மையான வன்பொருளிலேயே நேராக நடைபெறும். வட்டை இயக்குதல் போன்ற சிறப்புரிமை அறிவுறுத்தல் வந்தாலோ, வன்பொருள் அதனை மறுத்துக் கட்டுப்பாட்டுச் செய்நிரலிடம் ஒப்படைக்கும். அச்செய்நிரல் வாயில்காப்போன் போல நின்று, கேட்டவருக்கு உரிய பகுதி எதுவென ஆராய்ந்து, பணியைத் தானே முடித்து, விடையைக் கொடுக்கும். இடையில் ஒருவர் நின்றதை மெய்நிகர் இயந்திரம் அறியாது.

இக்காவலுக்குரிய விதியை 1974ஆம் ஆண்டிலே பொப்பெக், கோல்ட்பேர்க் என்னும் அறிஞர் இருவர் வகுத்துரைத்தனர்: இயந்திரத்தின் நிலையை மாற்றவோ வெளிப்படுத்தவோ வல்ல அறிவுறுத்தல் ஒவ்வொன்றும் காவலனிடம் அகப்படல் வேண்டும். பின்னாளில் மேசைக்கணினிகளில் பரவிய இன்ரெல் வகையில் சில அறிவுறுத்தல்கள் அகப்படாமல் நழுவின. 1999ஆம் ஆண்டில் வீ.எம்.வெயார் நிறுவனம், அத்தகையவற்றை முன்னரே கண்டு மாற்றியெழுதும் வழியால் அக்குறையை வென்றது. 2005ஆம் ஆண்டில் இன்ரெலும், 2006ஆம் ஆண்டில் ஏ.எம்.டி.யும் வன்பொருளிலேயே அதற்குரிய வசதியை அமைத்தன.

இன்று, ஒருவரை ஒருவர் அறியாத பலரின் வங்கிக் கணக்குகளும் மருத்துவக் குறிப்புகளும் ஒரே இயந்திரத்தில் அருகருகே இருத்தல் கூடும். 2018ஆம் ஆண்டில் வெளிப்பட்ட ஸ்பெக்டர் முதலிய குறைபாடுகள், காவலன் விழித்திருக்கும்போதே வன்பொருளின் வழியாக இரகசியம் கசியலாம் எனக் காட்டின. பகிர்ந்து வாழ்வோர்க்கு வாயில்காப்போன் மட்டும் போதாது. சுவரும் உறுதியாதல் வேண்டும்.