படிக்கச் சொன்னால் பணிந்த கணிப்பொறி

வேலையாள் ஒருவனிடம் கடிதமொன்றைக் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்கிறீர்கள். "பெட்டகத்தைத் திற" என்றொரு வரி அதில் வருகிறது. உடனே அவன் படிப்பதை விட்டுவிட்டு, எழுந்து போய் உங்கள் பெட்டகத்தைத் திறந்துவிட்டால் எப்படி இருக்கும்? சிரிக்க வேண்டாம். 2005ஆம் ஆண்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கணிப்பொறிகள் இப்படித்தான் ஏமாந்தன.

அந்நாளில் மைஸ்பேஸ், அமெரிக்காவில் பெரும் செல்வாக்குப் பெற்ற இணையதளம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பக்கத்தைத் தாமே எழுதி அலங்கரித்துக் கொள்ளலாம். சிக்கல் இங்கேதான் பிறந்தது. நாம் படிக்கும் எழுத்தும், உலாவி நிறைவேற்ற வேண்டிய ஆணையும் ஒரே பக்கத்தில் கலந்தே வருகின்றன. அத்தகைய ஆணைகளை எழுத 1995இல் தோன்றிய மொழியே ஜாவாஸ்கிரிப்ட். வெளியார் எழுதிய எழுத்துக்குள் ஆணை ஒளிந்திருந்தால், உலாவி அதைத் தளத்தின் சொந்த ஆணை என்றே நம்பிவிடும். இக்குறைபாட்டுக்குக் கிராஸ்-சைட் ஸ்கிரிப்டிங் என்று பெயர். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் செர்ட் மையம் 2000 பிப்ரவரியிலேயே இதுபற்றி எச்சரித்திருந்தது.

மைஸ்பேஸ் காவல் போடாமல் இல்லை. 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லைக் கண்டால் அதை நீக்கிவிடும்படி செய்திருந்தது. 19 வயது இளைஞர் ஸாமி காம்கார் அச்சொல்லை இரண்டாக முறித்தார். 'ஜாவா' ஒரு வரியிலும் 'ஸ்கிரிப்ட்' அடுத்த வரியிலுமாக எழுதினார். காவலுக்கு அது வேறு சொல்லாகத் தெரிந்தது. சில உலாவிகளோ இரண்டையும் ஒட்டிப் படித்தன!

அக்டோபர் 4 அன்று ஸாமி தம் நிரலைத் தம் பக்கத்தில் வைத்தார். அப்பக்கத்தைப் பார்த்தவர் எதையும் தொட வேண்டியதில்லை, பார்த்ததே போதும். ஸாமிக்கு நட்பு வேண்டுகோள் அவர் பெயரால் சென்றது. ஸாமியே தம் நாயகன் என்ற வரி அவருடைய பக்கத்தில் சேர்ந்தது. கூடவே நிரலின் நகலும் ஒட்டிக்கொண்டது. பிறகு அவர் பக்கத்தைப் பார்த்தவருக்கும் அதே கதி! 20 மணி நேரத்துக்குள் அது 10 லட்சம் பேருக்கு மேல் தொற்றியது. தளத்தையே சிறிது நேரம் மூட வேண்டியதாயிற்று.

விளையாட்டு வினையாயிற்று. 2007 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றத்தில் ஸாமி குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், சொந்த உபயோகத்துக்கு இணையத்தைத் தொடத் தடையும் விதிக்கப்பட்டன. பின்னாளில் அவர் பாதுகாப்பு ஆய்வாளராகப் பெயர் பெற்றார்.

ஸாமியின் நிரல் எதையும் திருடவில்லை. ஆனால் அதே வழியில் தீய எண்ணத்தோடு ஒருவன் நுழைந்தால், உங்கள் பெயரால் எதையும் செய்யலாம் அல்லவா? தடைச் சொற்களின் பட்டியல் இதற்குப் போதாது. புதிய மாறுவேடம் எப்போதும் பட்டியலுக்கு வெளியே நிற்கும். வெளியார் எழுதியது எதுவாயினும், அதிலுள்ள கோணக்குறிகள் ஆணையைத் தொடங்காமல் திரையில் வெறும் குறிகளாகவே தோன்றும்படி மாற்றிவிடுவதே நல்ல வழி.

நாளை நீங்களும் நிரல் எழுதக்கூடும். அப்போது உங்கள் வேலையாளுக்கு முதற்பாடமாக இதைச் சொல்லிக் கொடுங்கள்: பிறர் கடிதம் படிப்பதற்கே, பணிவதற்கு அன்று.