திரியாய்ச் சாசனமும் அதைப் படிக்கக் கற்றவர்களும்

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து நிலாவெளி, குச்சவெளி முதலிய ஊர்களைக் கடந்து புல்மோட்டைக்குச் செல்லும் கடலோரப் பாதையில், வயலும் குளமும் சூழ்ந்த திரியாய் என்னும் பழைய தமிழ்க் கிராமத்திற்கு அண்மையில், ஊரவர் கந்தசாமி மலை என்றும் சிங்கள மக்கள் கிரிஹண்டு சேய என்றும் வழங்கும் குன்றொன்று உண்டு. அதன் உச்சியிலே கற்றூண்கள் வட்டமாகச் சூழ நிற்கும் தூபியைத் தரிசிக்க வருவோர் பலர். குன்றின் பாறையிலே பதினொரு வரிகளில் பொறிக்கப்பட்டிருக்கும் சாசனத்தின் முன் நின்று பார்ப்போர் சிலர். அதை எழுத்தெழுத்தாகப் படிக்க வல்லவர்களோ, எக்காலத்திலும் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களாகவே இருந்திருக்கின்றனர்.

காரணம் எளிது. சாசனத்தின் மொழி சமஸ்கிருதம்; எழுத்து, ஏழாம் எட்டாம் நூற்றாண்டுகளில் பல்லவ நாட்டில் வழங்கிய கிரந்தம்; பொருளோ பௌத்தம், அதிலும் அவலோகிதேசுவரரையும் மஞ்சுஸ்ரீயையும் போற்றும் மகாயான பௌத்தம். புத்தபிரான் ஞானம் எய்தியபின் முதன்முதலாக அவருக்கு உணவளித்தவர்கள் என்று பௌத்த நூல்கள் புகலும் இரு வணிகரின் பெயர்களை நினைவூட்டும் வகையில், திரபுஸகர், வல்லிகர் என்னும் வணிகக் கூட்டத்தார் கிரிகண்டி சைத்தியத்தை ஸ்தாபித்தனர் என்று அது கூறுகிறது. தமிழ்ப் பண்டிதருக்கு இப்பொருள் அந்நியம். பாளி கற்ற பிக்குவுக்கு இவ்வெழுத்து அந்நியம். காவியம் கற்ற சமஸ்கிருத வித்துவானுக்கோ வெயிலிலும் மழையிலும் தேய்ந்த கல்லே அந்நியம். இம்மூன்றையும் ஒருங்கே பழகிய ஒரு கண் வேண்டும்; அத்தகைய கண் தானாக அமைவதன்று, உண்டாக்கப்படுவது.

அது உண்டாக்கப்பட்ட இடம் நீலகிரி. 1886ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் ஹுல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞரைச் சாசன ஆராய்ச்சிக்கென நியமித்தபோது, அவருக்கு உதவியாளராய் வந்து சேர்ந்த வெங்கையா, பின்னாளில் இந்திய அரசாங்கத்தின் சாசன அதிகாரியாகவே உயர்ந்தார். அவருக்குப் பின் அப்பதவியை வகித்த கிருஷ்ண சாஸ்திரியும் அவ்வாறே கீழ்ப்படியிலிருந்து பழகி மேலே வந்தவர். நீலகிரியின் உதகமண்டலத்தில் இயங்கிய அச்சாசனக் காரியாலயம் 1966இல் மைசூருக்கு மாற்றப்படும் வரை பெயரளவில் அரசாங்க அலுவலகமாகவும், நடைமுறையில் ஒரு குருகுலமாகவும் விளங்கிற்று என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் அத்தொழிலில் புத்தகத்தால் கற்கக்கூடியது பாதியே. கல்லைக் கழுவித் துடைத்து, ஈரக் காகிதத்தை அதன்மேல் விரித்து, எழுத்தின் குழிகளுக்குள் காகிதம் இறங்கும்படி தூரிகையால் அடித்து, அது உலருமுன் மையை ஒற்றி, கருமைப் பரப்பில் வெள்ளையாய் எழுத்துகள் தோன்ற மைப்படி எடுக்கும் வித்தையிலே, எவ்வளவு ஈரம், எவ்வளவு அடி, எவ்வளவு மை என்பதை மூத்தவர் ஒருவரின் அருகில் நின்றுதான் கற்க வேண்டும். பிளவு எது, எழுத்து எது என்று பிரித்தறியும் பார்வையும் அவ்வாறே வருவது.

இலங்கையில் அத்தகைய பயிற்சிக்கு இடமில்லாதிருந்தது. இந்நாட்டுச் சாசனங்களைப் பிரதி செய்ய 1875இல் நியமிக்கப்பட்ட கோல்ட்ஷ்மித் இரண்டே ஆண்டுகளில் காலமானார். பின் வந்த மியூலர் 1883இல் ஒரு தொகுதியை வெளியிட்டதோடு சரி. எபிக்கிராபியா சிலானிக்கா என்னும் வரிசையை 1904இல் தொடங்கிய விக்கிரமசிங்கவும் இங்கிலாந்தில் இருந்துகொண்டே தம் பணியைச் செய்தார். மாணாக்கர் பரம்பரை ஒன்று இத்தீவில் வேர்கொள்ள வழியேது?

1923இல் தொல்பொருள் திணைக்களத்தில் சேர்ந்த சேனரத் பரணவிதான என்னும் இளைஞரைத் திணைக்களம் உதகமண்டலத்துக்கு அனுப்பிவைத்தது, இக்குறையை நீக்கிய விவேகமான செயல். பாடசாலை ஆசிரியராய் வாழ்க்கையைத் தொடங்கிய அவர், பல்லவர், சோழர், பாண்டியர் சாசனங்களின் மைப்படிகள் நிறைந்த அக்காரியாலயத்தில் கண்ணையும் கையையும் பழக்கிக்கொண்டு திரும்பி, 1926இல் சாசன உதவியாளரானார். 1940இல் திணைக்களத்தின் ஆணையாளருமானார். திரியாய்ப் பாறைச் சாசனத்தை எபிக்கிராபியா சிலானிக்காவின் நான்காம் தொகுதியில் பதிப்பித்தவர் அவரே. தமிழ் நாட்டு எழுத்தைத் தமிழ் நாட்டு மலையொன்றில் கற்ற சிங்கள அறிஞர், தமிழ்க் கிராமத்தின் அருகிலுள்ள சமஸ்கிருதச் சாசனத்தைப் படித்து உலகுக்கு அளித்தார். கல்வி எல்லை பார்ப்பதில்லை.

இதனினும் நான் பெரிதாக மதிப்பது அதே தொகுதியில் நிகழ்ந்த மற்றொன்று. பரணவிதானவைப் போலவே லெய்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற சாப்ரா என்னும் இந்திய அறிஞர், இச்சாசனத்தின் பாடத்தைத் தாமும் ஆராய்ந்து எழுதினார். தொகுதியின் பதிப்பாசிரியரான பரணவிதான, தாம் முன்னரே வெளியிட்ட கல்லைப் பற்றிய அப்பிறர் பாடத்தையும் தம் தொகுதியிலேயே அச்சேற்றினார். இளம் ஆராய்ச்சியாளருக்கு நாம் கற்பிக்கும் நெறிகளுள் இதற்கு மேலானதொன்று உண்டென்று எனக்குத் தோன்றவில்லை.

விதியின் விசித்திரம், முதுமையில் அவரே அந்நெறியைக் கைவிட நேர்ந்தது. அறியப்பட்ட சாசனங்களின் வரிகளுக்கு இடையே வேறு நுண்ணிய எழுத்துகள் மறைந்திருப்பதாகக் கூறி, அவற்றைத் தாம் படித்ததாக அவர் பெரும் வரலாறுகளை எழுதலானார். பிறர் கண்ணுக்கு அவ்வெழுத்துகள் புலப்படவில்லை. 1966இல் வெளிவந்த இலங்கையையும் மலேசியாவையும் பற்றிய அவருடைய நூலை மறுத்து அடுத்த ஆண்டிலேயே எழுதியவர்கள், அப்பொழுதுதான் கலாநிதிப் பட்டம் பெற்றிருந்த குணவர்தன, இந்திரபாலா என்னும் இருவர். ஒருவர் சிங்களவர், மற்றவர் தமிழர். அத்துறையின் பிதாமகர் என்று நாடே போற்றிய ஒருவரை நோக்கி, ஆதாரம் போதாது என்று இளையோர் கூறுவதற்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் இடமளித்ததே, அங்கே கல்வி உயிரோடிருந்தது என்பதற்குச் சான்று.

தமிழ்ச் சாசனங்களின் பக்கத்திலும் அக்காலத்தில் ஒரு பரம்பரை உருவாகிற்று. இலண்டனில் சாசனத் தமிழை ஆராய்ந்து பட்டம் பெற்ற பேராசிரியர் கணபதிப்பிள்ளையிடம் கற்ற வேலுப்பிள்ளை, 1971இல் ‘சாசனமும் தமிழும்’ என்னும் நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் இந்திரபாலா ‘எபிக்கிராபியா தமிலிக்கா’வைத் தொடங்கினார். 1974இல் குணசிங்கம் திருகோணமலைச் சாசன வரிசை என்றே பெயரிட்டுச் சோழ இலங்கேஸ்வர தேவனின் சாசனங்களை வெளியிட்டார். பத்மநாதனின் பெருந்தொகுப்பு 2006இல் வந்தது.

ஆயினும் இப்பரம்பரை பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் செழித்த அளவிற்குத் திரியாயின் பக்கம் எட்டவில்லை. 1985இல் வன்செயலால் ஊர் எரிந்து மக்கள் அகதிகளாய்ப் பெயர்ந்தனர்; கற்கும் வயதிலிருந்த ஒரு தலைமுறை முகாம்களில் வளர்ந்தது. கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் மரபுரிமைக்கென 2020இல் ஜனாதிபதி செயலணியொன்று அமைக்கப்பட்டபோது, அதில் முதலில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இடம்பெறவில்லை. அது அரசாங்கத்தின் குற்றம், ஐயமில்லை. ஆனால் நாமும் ஒரு கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்: கிரந்தமும் பிராமியும் படித்து, சமஸ்கிருதமும் பாளியும் சிங்களமும் அறிந்து, எந்தக் குழுவிலும் எவரும் மறுக்க முடியாத புலமையோடு அமரத்தக்க இளைஞர் எத்தனை பேரை இந்த மாவட்டத்திலிருந்து உருவாக்கினோம்?

ஆகவே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தாரும் கிழக்குப் பல்கலைக்கழகத்தாரும், தொல்லியல் பட்டம் பெறும் மாணவருள் சிலரையேனும் தெரிந்தெடுத்து, மைசூரில் இன்று இயங்கும் அச்சாசனக் காரியாலயத்தில் ஓரிரு ஆண்டுகள் பழகிவர உதவித்தொகை அளிப்பார்களாக. திருகோணமலை மாவட்டத்துப் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள்: மருத்துவத்தையும் பொறியியலையும் விட்டுக் கல்லெழுத்தைப் படிக்கப் போகிறேன் என்று உங்கள் பிள்ளை சொன்னால், தயவுசெய்து மறிக்காதீர்கள்.